நாகூர்த் தர்வேசும் மூன்றாவது முடிச்சும்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் ஒரு தர்வேசின் கதை. தர்வேசு என்ற பாரசீகச் சொல் நம்மிற் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் ஆள் நமக்குப் புதியவரல்லர். பச்சைத் தலைப்பாகை கட்டி, றபானைத் தட்டிப் பாடியபடி படலையடியில் வந்து நிற்கும் பக்கீர் பாவாவை நம்மிற் பலர் சிறு வயதிற் கண்டிருக்கிறோம். வீடு வாசல் துறந்து, இறைவனையே நாடி, ஊர் ஊராகத் திரியும் இஸ்லாமியத் துறவியே தர்வேசு. அத்தகைய துறவி ஒருவரின் பெயர் சண்டிலிப்பாயில் ஒரு சைவ வீட்டின் சுவாமி அறைக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஆச்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டு மூன்று நாளுக்கு மேல் நின்றால், மஞ்சள் பூசிய துணித்துண்டில் காசு முடிந்து நேர்த்தி வைப்பார். ஒரு முடிச்சு கல்வளைப் பிள்ளையாருக்கு. இன்னொன்று சீரணி நாகபூஷணி அம்மனுக்கு. மூன்றாவது முடிச்சு நாகூர் ஆண்டவருக்கு. மூன்றும் ஒரே செப்புச் செம்புக்குள் கிடக்கும்.

"ஆச்சி, நாகூர் எங்கை கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடலுக்கு அங்காலை, மோனை."

"அப்ப காசு எப்பிடிப் போகும்?"

"நானா கொண்டு போவார்."

நானா என்பவர் யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து புடைவைப் பொட்டளியோடு சைக்கிளில் வருபவர். கந்தூரிக் காலம் நெருங்கும்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து இருப்பார். "ஆச்சி, இந்தமுறை எத்தினை முடிச்சு?" என்று கேட்பார். ஆச்சி கொடுக்கும் முடிச்சுகளை அவிழ்க்காமல், எண்ணாமல், மடியிற் கட்டிக்கொள்வார். நாகூருக்குப் போகிற உறவினர் யாரிடமாவது அவற்றைச் சேர்ப்பிப்பார். சில மாதங்களின் பின் ஒரு சிறு பொட்டலத்திற் சந்தனம் எங்கள் வீட்டுக்கு வரும். ஆச்சி அதைத் திருநீற்றுக் குடுவைக்குப் பக்கத்தில் வைப்பார்.

இனி அந்த நாகூர் ஆண்டவர் யார் என்று பார்ப்போம்.

அவருடைய பெயர் ஷாகுல் ஹமீது. இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள மாணிக்கப்பூரிற் பிறந்தவர். பக்தாத் நகரின் பெருஞானி அப்துல் காதிர் ஜீலானியின் வழித்தோன்றல் என்று மரபு சொல்கிறது. இளமையிற் குவாலியர் சென்று, முகம்மது கௌது என்னும் சூபி ஞானியிடம் சீடராக இருந்தார். பின்னர் மக்காவுக்கு யாத்திரை போனார். மாலைதீவு, இலங்கை, காயல்பட்டினம் என்று பல இடங்களிலே தங்கியதாகவும் அவரது வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இறுதியாகச் சோழநாட்டுக் கடற்கரையில், நாகபட்டினத்துக்கு வடக்கேயுள்ள நாகூரில் அமர்ந்தார். அவர் மறைந்த ஆண்டாகப் பொதுவாகச் சொல்லப்படுவது ஹிஜ்ரி 978, அதாவது கி.பி. 1570.

அந்தக் காலத்தை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். கடலிலே போர்த்துக்கேயரின் கை ஓங்கிய காலம் அது. அவர் வாழ்ந்திருந்தபோதே, 1560இல், போர்த்துக்கேயத் தேசாதிபதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் படையோடு வந்து யாழ்ப்பாணத்தைத் தாக்கினான். இங்கே நிலைகொள்ள முடியாமற் போனதும் மன்னாரைப் பிடித்து அங்கே கோட்டை அமைத்தான். மலையாளக் கரையிலே குஞ்ஞாலி மரைக்காயர்கள் போர்த்துக்கேயரோடு கடற்போர் புரிந்துகொண்டிருந்தார்கள். மரக்கலத்தை நம்பி வாழ்ந்த முஸ்லிம் வணிகருக்கும், அவர்களோடு கடலோடிய பிற சமயத்தாருக்கும், துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டால் திரும்புவோமா என்பது நிச்சயமில்லை. அப்படிப்பட்ட கரையிலேதான் இந்தத் துறவி வந்து குடியிருந்தார்.

அவரைப் பற்றிய கதைகள் ஏராளம். மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கண்ணாடிக் கதை. ஒருநாள் ஆண்டகைக்கு நாவிதர் சவரம் செய்துகொண்டிருந்தார். நடுக்கடலிலே புயலில் அகப்பட்ட கப்பல் ஒன்றின் அடியில் துவாரம் விழுந்து தண்ணீர் ஏறத் தொடங்கிற்று. கப்பலில் இருந்தவர்கள் அவரை நினைத்து அழுதார்கள். கரையில் இருந்தவருக்கு அது தெரிந்தது. நாவிதரின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிக் கடலை நோக்கி எறிந்தார். அது போய்த் துவாரத்திற் பொருந்திக்கொண்டது. கப்பல் கரை சேர்ந்தது.

இதை ஒல்லாந்தர் கப்பல் என்று சொல்வாரும் உண்டு. வரலாறு படித்தவர் இங்கே புன்முறுவல் செய்வார். ஷாகுல் ஹமீது வாழ்ந்த நாளில் ஒல்லாந்தர் இந்தக் கடலுக்கு வரவேயில்லை. அவர்கள் யாழ்ப்பாணக் கோட்டையையும் நாகபட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1658இல். இரண்டும் ஒரே ஆண்டிலே நடந்தவை. அப்படியானால் கதை பொய்யா? நான் அவ்விதம் கருதவில்லை. ஒல்லாந்தர் வந்த பின்னரும் மக்கள் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், புதிதாக வந்தவர்களின் கப்பலும் அதே கடலிலே அதே புயலுக்கு அகப்படும் என்று அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. வரலாற்றாசிரியருக்குப் பிழையாகத் தெரியும் இடமே கதை வளர்ந்த இடம்.

இரண்டாவது, புறாக் கதை. தஞ்சையை நாயக்க மன்னர் ஆண்ட காலம். தர்கா மரபிலே மன்னரின் பெயர் அச்சுதப்ப நாயக்கர் என்று வழங்குகிறது. அரசருக்குத் தீராத வலி. வைத்தியர்கள் கைவிட்டார்கள். ஆண்டகையை அழைத்தார்கள். அரண்மனையின் மேற்புறத்திலே தேடச் சொன்னார் அவர். அங்கே உயிருள்ள புறா ஒன்று, உடம்பெல்லாம் ஊசி குத்தப்பட்டுக் கிடந்தது. அரசர்மீது யாரோ செய்த சூனியம் அது. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க அரசரின் வலி நீங்கிற்று. கடைசி ஊசி வந்ததும் அரசர் எழுந்து உட்கார்ந்தார். புறா பறந்து போயிற்று. அரசர் நன்றியாகக் கொடுத்த நிலத்திலேதான் தர்கா நிற்கிறது என்பர். இன்றும் நாகூர் தர்காவிலே புறாக்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. அவற்றுக்கு ஒருவரும் தீங்கு செய்வதில்லை.

மூன்றாவது, வெற்றிலைக் கதை. ஷாகுல் ஹமீது இல்லறம் நடத்தாதவர். லாகூரிலே பிள்ளையில்லாத தம்பதியர் அவரிடம் முறையிட்டார்கள். தாம் மென்ற தாம்பூலத்தைக் கொடுத்து, மனைவியை உண்ணச் செய்யும்படி சொன்னார். பிறந்த ஆண் குழந்தைக்கு யூசுப் என்று பெயர். அப்பிள்ளை வளர்ந்து, தந்தையைத் தேடி வந்து, அவரோடு நாகூரிலே தங்கிற்று. இன்று தர்காவைப் பராமரிக்கும் குடும்பத்தார் யூசுப் சாகிபின் வழிவந்தவர்கள். யூசுப் சாகிபும் அவர் மனைவியும் அங்கேயே அடக்கமாகியுள்ளனர்.

நேயர்களே, இக்கதைகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். மலையைப் பெயர்த்தார், பகைவரை எரித்தார் என்பன இவற்றில் இல்லை. ஓட்டையை அடைத்தார், ஊசியைப் பிடுங்கினார், பிள்ளையில்லாத வீட்டுக்குப் பிள்ளை கொடுத்தார் என்றே இருக்கின்றன. கருவிகளும் சிறியவை. நாவிதரின் கண்ணாடி, ஊசி, வெற்றிலை. எல்லாம் ஏழை வீட்டிலும் இருக்கும் பொருள்கள். உதவி பெற்றவர்களோ பல சமயத்தார். நோய் தீர்ந்த அரசர் இந்து. கப்பலில் இருந்தவர், சில கதைகளின்படி, கிறிஸ்தவர். உதவிய பின் தம் சமயத்துக்கு வாருங்கள் என்று அவர் யாரையும் கேட்டதாக இக்கதைகள் மூன்றிலும் இல்லை.

பிற்காலத்திலே தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர், 1739 முதல் 1763 வரை ஆட்சி செய்தவர், தர்காவுக்கு 131 அடி உயரமான பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தார். இந்து அரசர் கட்டிய அந்தக் கோபுரம் கடலோடிகளுக்கு அடையாளமாயிற்று. நாகூருக்குப் போக முடியாத தூரத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் போன இடத்திலேயே நினைவிடம் கட்டினார்கள். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் வீதியிலே 1828க்கும் 1830க்குமிடையில் கட்டப்பட்ட நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு. நமது நாட்டிலே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகை பெயராற் கொடியேறுகிறது. இவ்விடங்களில் அவரது உடல் அடக்கமாகவில்லை. அவரை நினைத்தவர்களின் நினைவே அங்கே இருக்கிறது.

இது இலக்கியத் தொடராகையால் நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். காயல்பட்டினத்துச் சேகனாப் புலவர் ஆண்டகையின் வரலாற்றைத் திருக்காரணப் புராணம் என்ற காப்பியமாகப் பாடினார். நாகூரிலே பிறந்த குலாம் காதிறு நாவலர் நாகூர்ப் புராணம் செய்தார். யாழ்ப்பாணத்து முஸ்லிம் புலவர்களும் இந்த மரபிலே பங்குகொண்டார்கள். பதுறுத்தீன் புலவர், ஆண்டகையின் முன்னோரான அப்துல் காதிர் ஜீலானிமீது முகியித்தீன் புராணம் பாடினார். அசனாலெப்பைப் புலவர் நாகூரைத் திருநாகைத் திரிபந்தாதியிற் பாடினார்.

அந்தாதி என்றதும் எங்கள் ஊரவருக்கு வேறொரு நூல் நினைவுக்கு வரும். ஒல்லாந்தர் காலத்து நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் எங்கள் சண்டிலிப்பாய்ப் பிள்ளையார்மீது பாடிய கல்வளையந்தாதி. ஒரு செய்யுளின் முடிவிலே அடுத்த செய்யுள் தொடங்கும் அதே யாப்பு வகை, அதே தமிழ், அதே யாழ்ப்பாணம். ஒன்று பிள்ளையாரைப் பாடிற்று. மற்றது நாகூர்த் தர்வேசைப் பாடிற்று. ஆச்சிக்கு இரண்டு அந்தாதியும் தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் முடிந்த காசு ஒரே செம்புக்குள் கிடந்தது.

இப்படியான துறவியர் கதைகள் தமிழ்நாட்டுக் கரைக்கு மட்டும் உரியவையல்ல. துருக்கி நாட்டு அனத்தோலியாவிலே அலெவிகள் என்றொரு சமூகத்தார் இருக்கிறார்கள். நபிகளின் மருமகனான அலியிடம் பெரும் பக்தி உடையவர்கள். ஆணும் பெண்ணும் ஒன்றாகக் கூடி, சாஸ் என்னும் நரம்புக் கருவியை மீட்டிப் பாடி, சுழன்றாடி வழிபடுவார்கள். அவர்கள் போற்றும் பெருந்துறவி ஹாஜி பெக்தாஷ் வலி. 13ஆம் நூற்றாண்டிலே குராசான் நாட்டிலிருந்து அங்கே வந்து குடியேறியவர். அவர் எப்படி வந்தார் என்று கதை சொல்கிறது தெரியுமா? புறா வடிவிற் பறந்து வந்தாராம். அந்நாட்டுத் துறவியர் தங்களிடத்துக்கு இவர் வருவதை விரும்பாமல் ஒருவரைப் பருந்தாக்கி அனுப்பினார்களாம். பெக்தாஷ் மனித வடிவெடுத்துப் பருந்தைப் பிடித்து, வருபவரை வரவேற்கும் முறை இதுவல்ல என்று உணர்த்தினாராம்.

இன்னொரு கதை. வேறொரு துறவி சிங்கத்தின்மீது ஏறி, பாம்பைச் சவுக்காகப் பிடித்து, தம் பெருமையைக் காட்ட வந்தார். பெக்தாஷ் அருகிலிருந்த சுவரின்மீது ஏறி அமர்ந்தார். சுவர் நகர்ந்து எதிர்கொண்டு போயிற்று. உயிருள்ளதை அடக்குவது பெரிதல்ல, உயிரில்லாத கல்லையும் அசைக்கலாம் என்பது அதன் பொருள். ஒரு கையில் சிங்கத்தையும் மறுகையில் மானையும் அணைத்தபடி அவரைச் சித்திரமாக எழுதுவார்கள்.

நாகூரின் புறாவும் அனத்தோலியாவின் புறாவும் ஒன்றிலிருந்து மற்றது வந்தன என்று நான் சொல்லவரவில்லை. அந்நியராக வந்த ஒருவரை ஓர் ஊர் எப்படித் தன்னவராக ஏற்றுக்கொண்டது என்பதை இரண்டு கதைகளும் சொல்கின்றன. அதைச் சொல்லப் புறாவைப் போலப் பொருத்தமான பறவை வேறில்லை.

ஆனால் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் கதையின்படி நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஷாகுல் ஹமீதின் நூற்றாண்டிலேயே வாழ்ந்த இன்னொரு அலெவிப் பெரியார் பீர் சுல்தான் அப்தால். பாடகர். சிவாஸ் நகரிலே அதிகாரத்தால் தூக்கிலிடப்பட்டவர் என்று மரபு சொல்கிறது. அவரது நினைவு விழாவுக்காக 1993 ஜூலை 2ஆம் திகதி எழுத்தாளரும் கலைஞரும் அதே சிவாஸிலே கூடியிருந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த விடுதியை ஒரு கும்பல் சூழ்ந்து தீயிட்டது. விடுதி ஊழியர் உட்பட 35 பேர் உயிரிழந்தார்கள். புறாக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்த நாட்டிலேயே அது நடந்தது.

சிவாஸை நோக்கி நாம் விரல் நீட்ட முடியாது. 1990 ஒக்டோபரிலே வடபகுதி முஸ்லிம்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அந்தக் கட்டளை வந்தது ஒக்டோபர் 30ஆம் திகதி. புறப்படக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடபகுதி முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தொகை. பெரும்பாலானோர் புத்தளத்திலே அகதிகளாயினர். பதுறுத்தீன் புலவரையும், அசனாலெப்பைப் புலவரையும், கல்விமான் ஏ. எம். ஏ. அஸீஸையும் தந்த சமூகம் ஒரு பகற்பொழுதில் யாழ்ப்பாணத்தில் இல்லாமற் போயிற்று. கட்டளையிட்டவர்கள் நாமல்லர் என்று சொல்லலாம். ஆனால் தெருவோரத்தில் நின்று பார்த்தவர்கள், பாராமற் கதவைச் சாத்தியவர்கள், மறுநாளிலிருந்து பேசாமல் இருந்தவர்கள் நாமே.

ஆச்சி அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். முடிச்சு வைக்கும் வழக்கத்தை அம்மா தொடர்ந்தார். அந்த வருடம் புரட்டாசியில் தங்கைக்குக் காய்ச்சல் கண்டு மாறியது. அம்மா மூன்று முடிச்சு வைத்தார். பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் உரியவற்றைத் தாமே கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்றாவது முடிச்சு நானாவுக்காகக் காத்திருந்தது. கந்தூரிக் காலம் வந்தது. நானா வரவில்லை. அம்மா செம்பை எடுத்துப் பார்ப்பார், திரும்ப வைப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பின்னர் 1995இல் வலிகாமத்தை விட்டு நாங்களும் இடம்பெயர்ந்தோம். கையிலே எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, கைதடிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நடந்தபோது அம்மா ஒரே ஒரு தரம் சொன்னார்: "நானாவும் இப்பிடித்தானே போயிருப்பார்." நாங்கள் திரும்பி வந்தோம். செம்பும் வீட்டிலேயே இருந்தது. முடிச்சும் அதற்குள் இருந்தது.

2023 ஒக்டோபரிலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பற் சேவை தொடங்கியது. சண்டிலிப்பாயிலிருந்து காங்கேசன்துறை தூரமல்ல. நாகபட்டினத்திலிருந்து நாகூர் அதைவிடக் கிட்ட. இப்போது அந்தக் காசை நானே கொண்டுபோய் உண்டியலிற் போடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

யோசித்துப் பார்த்தேன். ஆச்சியின் நேர்த்தி நாகூருக்குப் போன வழி கப்பல் வழியன்று. அது நானாவின் மடி வழியாகப் போனது. அவிழ்க்காமல், எண்ணாமல் அவர் கட்டிக்கொண்ட அந்த நம்பிக்கையின் வழியாகப் போனது. அந்த வழியை விட்டுவிட்டு நான் தனியே போனால் ஆண்டகைக்குக் காசு சேரும். ஆச்சியின் நேர்த்தி தீராது. போர் முடிந்த பின் முஸ்லிம் குடும்பங்கள் சில யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியுள்ளன. சோனகதெருவிலே விசாரித்தேன். நானாவின் குடும்பம் புத்தளப் பக்கத்திலே இருக்கலாம் என்றார்கள்.

ஆகவே நான் முதலிற் புத்தளம் போகவேண்டும். அவர் இல்லாவிட்டால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களின் கையிலே முடிச்சைக் கொடுத்து, இவ்வளவு காலம் கேட்காமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். அவர்கள் வாங்கிக்கொண்டால் அது நாகூர் போகும். வாங்க மறுத்தால் அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

அரசரின் வலியைத் தீர்க்க ஆண்டகை மந்திரம் எதுவும் சொன்னதாகக் கதையில் இல்லை. குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள், அவ்வளவுதான். அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் நானாவே. எங்கள் வீட்டுத் திண்ணையிலே இருந்துதான் சொன்னார்.